காத்து வாங்கும் கும்மிடிப்பூண்டி!

தமிழ்நாட்டில் சில ஊர்ப் பெயர்கள், சொன்ன மாத்திரத்தில் எதிராளியைப் புன்னகைக்க வைக்கும். அந்த லிஸ்ட்டில் கும்மிடிப்பூண்டிக்கு நிரந்தர இடம் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு வேலை எங்கே?" என்று பெண்ணின் தாய்மாமா கேட்டு, "கும்மிடிப்பூண்டி" என்று பையன் பதில் சொன்னால் போச்சு... கேசரித் தட்டு அரை நொடி அந்தரத்தில் நிற்கும். "மெட்ராஸ்தாங்க... கொஞ்சம் தள்ளி" என்று பையனின் அம்மா அவசரமாக ஒட்டுப் போடுவார்.

அந்தக் 'கொஞ்சம் தள்ளி' என்பது 45 கிலோமீட்டருக்கு மேல். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் மின்சார ரயில் பிடித்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி. அதற்குப் பிறகு எளாவூர், ஆரம்பாக்கம்... அப்புறம் ஆந்திரா, சுந்தரத் தெலுங்கு.

இங்கே சிப்காட் இருக்கிறது, இரும்பு உருக்குகிறார்கள், கம்பி இழுக்கிறார்கள் என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத சமாசாரம் ஒன்று உண்டு. இந்த வட்டாரம் காத்து வியாபாரமும் செய்கிறது! காற்றாலை மின்சாரத்தைத்தான் சொல்கிறேன். இத்தனைக்கும் ஊர் முழுக்கச் சுற்றினேன். புகைபோக்கி தெரிந்தது, செல்போன் டவர் தெரிந்தது. சுழலும் காற்றாலை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

காத்தே இல்லாத ஊரில் காத்து வியாபாரமா? அதைப் பார்க்கத்தான் ஒரு ஜூலை மாதத்து வேலை நாளில் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

*

கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு மின்சாரத்தின் பாதிக் கதையை அந்த ஜன்னலிலேயே பார்த்துவிடலாம்.

திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டினால் எண்ணூர். 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் இங்கேதான் ஓடியது. மொத்தம் 450 மெகாவாட். வயசாகி, மூச்சு வாங்கி, 2017 மார்ச்சோடு ரிட்டயர் ஆகிவிட்டது. பி.எஃப்., கிராஜுவிட்டி கிடைத்ததா என்று தெரியாது. ஆனால், சுற்று வட்டார ஜனங்களின் மாடியில் அது போட்டுவிட்டுப் போன சாம்பல், இன்னும் பலருடைய பேச்சில் பறக்கிறது.

எண்ணூரை அடுத்து ஆற்றைக் கடந்தால் அத்திப்பட்டு புதுநகர். வானத்தை அண்ணாந்து பாருங்கள். ஒரு பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம். 1990-களின் மத்தியில் 630 மெகாவாட்டோடு ஆரம்பித்து, பிறகு 600 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டைச் சேர்த்துக்கொண்டது. இன்னொரு பக்கம் வல்லூர், மூன்று ஐந்நூறு, ஆக 1,500 மெகாவாட். எல்லாம் நிலக்கரி. கப்பலில் வந்து இறங்கும் கரி, கன்வேயரில் ஏறி, பாய்லருக்குள் விழுந்து, நம் வீட்டு மிக்ஸியில் தேங்காய்ச் சட்னியாக வெளியே வருகிறது.

"இவ்ளோ கரண்ட்டு இங்கயே தயாராகுது. ஆனா எங்க ஏரியாவுல போன வாரம்கூடக் கட்டு" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். மீஞ்சூரில் இறங்க வேண்டியவர். கூடையை எடுத்துக்கொண்டு, "விளக்குக்குக் கீழதான் சார் இருட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தத்துவம் ஃப்ரீ!

பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டியதும் வயல்களுக்கு நடுவே ஷெட்டுகள் முளைக்க ஆரம்பிக்கும். ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் நெளிதகடு. கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது.

*

ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ. "சிப்காட், சிப்காட்" என்ற கூவலில் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் கலந்திருக்கும். டீக்கடை போர்டில் இந்தி, மெஸ் வாசலில் ரொட்டிக்கு மாவு பிசைகிற பீகார் இளைஞர், பக்கத்திலேயே ஆந்திரா ஊறுகாய். தேசிய ஒருமைப்பாட்டை விளம்பரத்தில் காட்ட வேண்டுமென்றால் மத்திய அரசு இங்கே வந்து கேமராவை வைத்தால் போதும், செலவு மிச்சம்.

ரோடெல்லாம் செம்மண்ணும் கருந்தூளும் கலந்த ஒரு பிரத்யேக கலர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது அதே சட்டையில்தான் போவார்கள், அதே கலரில் போவார்கள் என்று உத்தரவாதம் கிடையாது.

ஒரு ரோலிங் மில்லில் அக்கவுன்ட்ஸ் பார்க்கும் நண்பர் காத்திருந்தார். மில் பெயரைப் போடக் கூடாது என்பது முதல் கண்டிஷன். மதியச் சாப்பாட்டை நான் வாங்கித் தர வேண்டும் என்பது இரண்டாவது. உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

பழைய இரும்பு மலையாகக் குவிந்திருக்கிறது. உடைந்த பீரோ, நசுங்கிய பைக் டேங்க், ஏதோ பாலத்தின் எலும்பு. காந்தக் கிரேன் ஒரே அள்ளில் அள்ளி இண்டக்‌ஷன் உலையில் போடுகிறது. அடியில் கரி இல்லை, நெருப்பு இல்லை. செப்புச் சுருளில் பாயும் மின்சாரம் மட்டும். பத்தடி தள்ளி நின்றாலும் முகம் தகிக்கிறது. பீரோ பால்கோவா மாதிரி இளகி, சிவந்து, வெளுத்து... சில நிமிஷத்தில் குழம்பு!

"ஒரு டன் உருக்க ஏறக்குறைய 600 யூனிட் ஆகும் சார்" என்றார் நண்பர்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். என் வீட்டில் இரண்டு மாசத்துக்கு 300 யூனிட். ஆக, ஒரு டன் கம்பி என்பது என் வீட்டின் நாலு மாச ஃபேன், டி.வி., ஃபிரிட்ஜ், அப்புறம் மாமியார் வந்தால் மட்டும் ஓடும் ஏ.சி. எல்லாம் சேர்ந்தது.

"ஈ.பி. பில் பார்த்தா மயக்கம் வருமே?"

"வரும். அதனாலதான் நாங்க திருநெல்வேலிக் காத்துல ஓட்டுறோம்" என்றார் கூலாக.

*

விஷயம் இதுதான். இவர்கள் முதலாளிக்குத் திருநெல்வேலிப் பக்கம் சில காற்றாலைகள் சொந்தம். அங்கே சுற்றுகிறது, இங்கே இரும்பு உருகுகிறது. நடுவில் 600 கிலோமீட்டருக்கு மேல்.

'தனியாக வயர் இழுத்தார்களா?' என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்து மணியார்டரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். திருநெல்வேலி போஸ்ட் ஆபீஸில் நீங்கள் கட்டிய அதே நோட்டையா தபால்காரர் மெட்ராஸில் உங்கள் அம்மாவிடம் கொடுத்தார்? அங்கே கட்டிய தொகைக்கு இங்கே பட்டுவாடா. கமிஷன் தனி. அதே கதைதான். காற்றாலை அங்கே ஈ.பி. லைனில் யூனிட்டை ஊற்றுகிறது. மில் இங்கே ஈ.பி. லைனிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தூக்கிக்கொண்டு வந்த கூலியை ஈ.பி. கழித்துக்கொள்ளும். இதற்கு 'வீலிங்' என்று பெயர்.

இன்னொரு சிக்கல் உண்டு. காற்று கவர்ன்மென்ட் ஆபீஸ் டயத்துக்கு வராது. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர், அக்டோபர் வரை பேய் மாதிரி அடிக்கும். அப்புறம் ஆளைக் காணோம். மில்லோ வருஷம் பூரா ஓட வேண்டும். அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற மாதிரி, சீசனில் வந்த உபரி யூனிட்டை ஈ.பி.யின் கணக்கில் போட்டு வைத்து, அடுத்த மார்ச் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாட்டில் வசதி செய்து கொடுத்தார்கள். பெயரே 'பேங்கிங்'. மார்ச் 31-க்குள் எடுக்காத மிச்சத்தை முழு விலைக்கு எடுக்க மாட்டார்கள். முக்கால் விலைதான்!

"நீங்க மார்ச்ல லீவைத் தீர்ப்பீங்க. நாங்க யூனிட்டைத் தீர்ப்போம்" என்றார் நண்பர்.

ஈ.பி.க்கு இந்தக் குதிர் விளையாட்டில் அவ்வளவு சந்தோஷம் கிடையாது. காரணமும் நியாயமானதுதான். யூனிட்டை நிஜமாகப் பூட்டி வைக்க அவர்களிடம் குதிர் ஏது? காற்று வீசும் ஜூலையில் வாங்கிக்கொண்டு, காற்றே இல்லாத பிப்ரவரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால், அந்தப் பிப்ரவரியில் அத்திப்பட்டில் கரியை எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியில் அதிக விலைக்கு வாங்க வேண்டும். அதனால் புதிய காற்றாலைகளுக்கு இந்த வசதியைச் சுருக்க 2018-லிருந்தே முயற்சி நடக்கிறது. ஆணை, அப்பீல், கேஸ் என்று ஃபைல் தடித்துக்கொண்டே போகிறது.

ஆனால், இந்த ஏற்பாட்டின் அருமை 2008-லிருந்து 2013 வரை இங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெரிய ஆலைகளுக்கு 40 சதவிகித மின்வெட்டு. 2012-ல் நிலைமை ரொம்ப மோசம். சென்னைக்கு இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களில் பல நாள் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கிடையாது. பாதி உருகிய இரும்பு உலைக்குள்ளேயே உறைந்து போனால் உலைக்கே சேதாரம். அந்த வருஷங்களில் இங்கே டீக்கடையில் விசாரிப்பு 'சௌக்கியமா?' இல்லையாம். 'தெக்க காத்து எப்படி?' என்பதுதானாம்.

இதில் ஒரு கொடுமை, கரண்ட் இல்லை என்று ஊரே புழுங்கிய அதே காலத்தில், சீசன் உச்சத்தில் காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொன்ன நாட்களும் உண்டு. காற்று நிறைய. கொண்டுபோக லைன் போதவில்லை! பந்தியில் சாதம் வடித்தாகிவிட்டது, பரிமாற வாளி இல்லை என்கிற கதை.

*

"அப்படியே இங்க நாலு காத்தாடி நட்டுட்டா 600 கிலோமீட்டர் மிச்சமாகுமே?" என்று கேட்டேன்.

நண்பர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். மணி இரண்டரை. பழவேற்காடு பக்கமிருந்து கடல் காற்று மெல்ல எட்டிப் பார்த்தது. வியர்த்த கழுத்துக்குச் சுகமாக இருந்தது. டீக்கடைப் போஸ்டர் லேசாக அசைந்தது. அவ்வளவுதான்.

காற்றின் கணக்கு ரொம்பக் கறாரானது. வேகம் இரண்டு மடங்கானால், அதில் இருக்கும் சக்தி இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும்! (நம் சம்பளம் இந்தக் கணக்கில் ஏறினால் எப்படி இருக்கும்!) இது மறுபக்கமும் வெட்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் காற்றில் கிடைப்பதை, 15 கிலோமீட்டர் காற்றில் எதிர்பார்த்தால், நாலரையில் ஒரு பங்குதான் தேறும். போட்ட முதலுக்கு வட்டிகூட வராது. இதற்கு மேல், எப்பேர்ப்பட்ட காற்றாலையும் காற்றின் சக்தியில் 59.3 சதவிகிதத்துக்கு மேல் உருவ முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மன்காரர் 1919-லேயே கோடு கிழித்துவிட்டார். மொத்தத்தையும் உருவினால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வருகிற காற்றுக்கு வழி இருக்காது. டவுன் பஸ்ஸில் இறங்காமல் படியிலேயே நிற்கிறவர்களால் ஏற்படுகிற அதே பிரச்னை.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மலையில் சில சந்துகள். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு. அந்தச் சந்துக்குள் நெருக்கியடித்து நுழையும்போது வேகம் பிடிக்கிறது. அதன் வாசலில்தான் முப்பந்தல். குமரி மாவட்ட எல்லையில் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் காத்தாடி. அங்கே குடை பிடித்தவன் குடையைத் தேட வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் காற்று தீபகற்பத்தையே குறுக்கே கடந்து களைத்துப் போய்விடுகிறது.

அப்படியென்றால் காற்றாலை முப்பந்தல் சரக்கு என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. காற்றாலை என்கிற அந்த மெஷினை யாரோ, எங்கோ செய்ய வேண்டுமே!

*

செங்குன்றத்திலிருந்து ஆந்திர எல்லையில் இருக்கிற தடா வரை கல்கத்தா ரோட்டில் ஒரு கோடு போடுங்கள். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். கடந்த இருபது வருஷத்தில் இந்தக் கோட்டில் மூன்று காற்றாலைக் கம்பெனிகள் ஷெட் போட்டன.

முதல் ஸ்டாப், செங்குன்றம். ஸ்பெயின் நாட்டு கமேசா 2010-ல் தன் முதல் இந்தியத் தொழிற்சாலையை இங்கேதான் திறந்தது. 850 கிலோவாட் மெஷின். உச்சியில் இறக்கைக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறதே, கீழிருந்து பார்த்தால் தீப்பெட்டி மாதிரி, பக்கத்தில் போனால் மினி பஸ் சைஸ், அந்த 'நாசெல்'லை இங்கே பூட்டினார்கள்.

இரண்டாவது, கும்மிடிப்பூண்டி. இத்தாலியின் லெய்ட்னர், சென்னை ஸ்ரீராம் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து போட்ட தொழிற்சாலை. லெய்ட்னரின் பூர்வீகத் தொழில் என்ன தெரியுமா? ரோப் கார்! ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்காரர்களை ஏற்றி இறக்குகிற கம்பெனி. கயிற்றை மெதுவாக, பலமாக இழுக்கிற மோட்டார் செய்யத் தெரிந்தவர்கள், 'இதையே திருப்பிப் போட்டால் மெதுவாகச் சுற்றும் காற்றாலை ஜெனரேட்டர் ஆகிவிடுமே' என்று இறங்கினார்கள். டென்மார்க்கின் வெஸ்டாஸ்கூட கொல்லுப்பட்டறையாக ஆரம்பித்து, விவசாயக் கருவி செய்து, எழுபதுகளின் பெட்ரோல் தட்டுப்பாட்டுக்குப் பிறகு காற்றாலைக்கு வந்த கம்பெனிதான். ஆக, இரும்படிக்கிற ஊருக்கும் காற்றாலைக்கும் பூர்வ ஜென்ம பந்தம்.

மூன்றாவது, எல்லையைத் தாண்டித் தடாவில். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரீஜென் பவர்டெக், ஜெர்மனியின் வென்சிஸ் தொழில்நுட்பத்தில் 1.5 மெகாவாட் மெஷின் செய்தது.

பின்னவை இரண்டிலும் ஒரு விசேஷம், கியர் பாக்ஸ் கிடையாது. சாதாரணக் காற்றாலையில் இறக்கை நிமிஷத்துக்கு இருபது சுற்று போல ஆடி அசைந்து வரும். ஜெனரேட்டரோ ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சுற்று கேட்கும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே மாட்டிய பிள்ளை மாதிரி இடையில் ஒரு கியர் பாக்ஸ். உதை எல்லாம் அதற்குத்தான். ரிப்பேர் என்றால் எண்பது மீட்டர் உயரத்துக்குக் கிரேன் வர வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாமென்று பெரிய வளையத்தில் வரிசையாகக் காந்தங்களைப் பதித்து, இறக்கையோடு நேரடியாகச் சுற்றவிட்டார்கள்.

காற்றில்லாத இந்த ரோடு எதற்கு? துறைமுகம் பக்கம். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் கைக்கெட்டும் தூரம். வெளிநாட்டிலிருந்து வரும் உதிரி பாகங்கள் இறங்குவதற்கு வசதி. இரும்பு அறுக்க, வளைக்க, வெல்டிங் அடிக்கப் பட்டறைகள் இங்கேயே. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்த பையன்கள்.

*

அப்படி ஒரு பையனை டீக்கடையில் சந்தித்தேன். இப்போது பையன் என்று சொல்ல முடியாது, முன் நெற்றி கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. பெயர் வேண்டாம் என்றார். காற்றாலைக் கம்பெனிகளுக்கு இரும்புப் பாகம் செய்து கொடுத்த ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர்.

"ஒரு போல்ட்டு என் முழங்கை நீளம் இருக்கும்ண்ணா. டார்க் ரெஞ்ச் வெச்சுக் கணக்கா முறுக்கணும். கொஞ்சம் லூசா விட்டா இருபது வருஷம் ஆடுற ஆட்டத்துல கழண்டுக்கும். கொஞ்சம் டைட்டா வெச்சா உடைஞ்சுக்கும். ஒவ்வொண்ணுக்கும் பெயின்ட் மார்க் போட்டு கையெழுத்து வேற! ராத்திரி பத்து மணிக்கு மேல டிரெய்லர் கிளம்பும். திருநெல்வேலி போய்ச் சேர நாள் கணக்காகும். போற வழியில வளைவுல திரும்ப முடியாம நின்னா போன் வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஆர்டர் நின்னுடுச்சு."

எப்படி நின்றது? இந்தக் கதையை கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி பக்கத்து முள்ளக்காட்டில் வந்தது. ஒவ்வொரு மெஷினும் 55 கிலோவாட். அரசாங்கம் 'பாருங்க, சுத்துது' என்று காட்டுவதற்காக வைத்தது. தனியார் வரிசை கட்டி வந்தது தொண்ணூறுகளில். வந்தது காற்றைப் பார்த்து என்று சொன்னால் நம்பாதீர்கள், வரியைப் பார்த்து! ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கினால், அந்த ஒரு கோடியையும் முதல் வருஷமே தேய்மானம் என்று லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், 100 சதவிகிதம். அன்றைக்குக் கம்பெனி வரி நாற்பது சதவிகிதத்துக்கு மேல். ஆக, வரியாகப் போக வேண்டிய நாற்பது லட்சத்துக்கு மேல் கையிலேயே தங்கும். பஞ்சாலை முதலாளி, சிமென்ட் முதலாளி எல்லோரும் பஞ்சாங்கத்தில் மார்ச் 31-க்கு முந்தின முகூர்த்தமாகப் பார்த்துக் காற்றாலைக்குக் கால் நட்டார்கள்.

வரிச் சலுகையால் வளர்ந்த பிள்ளைக்கு, வரி மாறும்போதெல்லாம் ஜுரம். தேய்மானச் சலுகை 2002-ல் 80 ஆனது. 2012 ஏப்ரலில் ஒரேயடியாக 15-க்கு இறங்கியது. ஆர்டர் புத்தகம் படுத்துக்கொண்டது. 2014-ல் மறுபடி 80. கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தார்கள். 2017 ஏப்ரலில் 40.

அதே 2017-ல் இன்னொரு அடி. அதுவரை யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒழுங்குமுறை ஆணையம் விலை வைக்கும். தமிழ்நாட்டில் 4 ரூபாய் 16 காசு. இனிமேல் ஏலம் என்றார்கள். யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே கான்ட்ராக்ட். 2017 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் 3 ரூபாய் 46 காசு. அதே வருஷ டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 காசு! பத்து மாசத்தில் ஒரு ரூபாய் சொச்சம் அவுட். மின்சாரம் வாங்குகிறவர்களுக்கு ஜாலி, வாஸ்தவம். ஆனால், அந்த ஒரு ரூபாய் வானத்திலிருந்தா வந்தது? மெஷின் விலையில் குறைத்தார்கள். மெஷின் கம்பெனி பாகம் செய்கிறவரிடம் குறைத்தது. பாகம் செய்கிறவர் போல்ட் முறுக்குகிறவரிடம் குறைத்தார். சின்ன முதலீட்டுக்காரர்கள் ஒதுங்கினார்கள். 2019-ல் ரீஜென் பவர்டெக் திவால் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயப் படி ஏறியது.

"ஷெட்டு காத்து வாங்க ஆரம்பிச்சுது" என்றார் ஃபிட்டர். "கான்ட்ராக்ட் ஆளுங்க மொத ரவுண்டுலயே வெளிய. எனக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் பேசுனாங்க. 'காத்தாடி கம்பெனி'ன்னு சொல்லி நிச்சயம் பண்ணி, தாலி கட்டும்போது 'கம்பி கம்பெனி'. நடுவுல ஆறு மாசம் ஒண்ணும் இல்ல. மாமனார் இன்னிக்கும் கேப்பாரு... 'காத்து நின்னு போச்சா மாப்ளே?'ன்னு. காத்து எங்கண்ணா நின்னுச்சு? டெல்லியில ஒரு லைனை மாத்தினாங்க, அவ்ளோதான்."

அவர் சொன்னதில் கோபம் இல்லை, எனக்குத்தான் டீ இறங்கவில்லை. காற்று மாறினால் தாங்குவதற்கு மெஷினில் வசதி இருக்கிறது. வேகம் கூடினால் இறக்கை தானாகக் கோணத்தை மாற்றிக்கொள்ளும், புயல் என்றால் நின்றுகொள்ளும். சட்டம் மாறினால் தாங்குவதற்கு, அந்த மெஷினைப் பூட்டியவனுக்கு அப்படி ஒரு வசதியும் கிடையாது.

*

இப்போதும் காற்றாலைத் தொழில் செத்துவிடவில்லை. சென்னையைச் சுற்றிப் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் வெஸ்டாஸ் இருக்கிறது. மெஷின்கள் 3 மெகாவாட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டன. தமிழ்நாட்டில் நிற்கிற காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ரயில் ஜன்னலில் பார்த்தோமே வல்லூர், அந்த மாதிரி ஆறரை வல்லூர். 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் கொடுத்திருக்கின்றன. காற்று வீசுகிற நாளில் மட்டும்தான் என்பதையும் மறக்கக் கூடாது. வருஷம் முழுக்கச் சராசரி பார்த்தால், திறனில் கால்வாசி கிடைத்தாலே நல்ல மெஷின்.

அடுத்த கட்டம்தான் கும்மிடிப்பூண்டிக்கு முக்கியம். தொண்ணூறுகளில் வரிக்காக நட்ட 225, 250 கிலோவாட் குட்டிக் காற்றாலைகள் இன்னமும் முப்பந்தலில், நல்ல காற்று வீசுகிற முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. தியேட்டரில் பால்கனி ஃபர்ஸ்ட் ரோவில் தூங்குகிற தாத்தா மாதிரி. ஒரு 225 கிலோவாட் மெஷின் வருஷத்துக்கு நாலு லட்சம் யூனிட் கொடுத்தால் பெரிசு. இங்கே உலையில் அது அறுநூற்றுச் சொச்சம் டன் இரும்பு. அதே காற்றில் 3 மெகாவாட் மெஷின் நின்றால் பத்துப் பதினைந்து மடங்கு தேறும். பழசைக் கழற்றிப் புதுசை வைக்க 2024-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே அறிவித்திருக்கிறது. ஆனால் பக்கத்துப் பக்கத்து நிலத்தில் ஆளுக்கு ஒரு முதலாளி, ஆளுக்கு ஒரு ஒப்பந்தம். ஒன்றைக் கழற்றினால் பழைய பேங்கிங் சலுகை என்னவாகும் என்ற பயம் வேறு. யார் முதலில் கழற்றுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கழற்ற ஆரம்பித்தால் புது மெஷின் வேண்டும். நாசெல் பூட்ட வேண்டும். முழங்கை நீள போல்ட்டை முறுக்க, டார்க் ரெஞ்ச் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை இன்னும் இந்த ரோட்டில்தான் இருக்கிறது, ரோலிங் மில்லில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு.

"பழைய டவரெல்லாம் என்ன ஆகும்?" என்று நண்பரைக் கேட்டேன்.

"இறக்கை ஃபைபர் கிளாஸ் சார். உருக்க முடியாது. உலகம் பூரா அதை என்ன பண்றதுன்னு முழிக்கிறாங்க. டவர் நல்ல இரும்பு. எந்த ஸ்கிராப் வியாபாரியும் விட மாட்டான்."

அவர் உலைப் பக்கம் கையைக் காட்டினார். காந்தக் கிரேன் அடுத்த அள்ளலுக்குத் தயாராக நின்றது. முப்பது வருஷம் முப்பந்தல் காற்றில் நின்ற டவர் ஒன்று இங்கே வந்து, திருநெல்வேலிக் காற்றின் கரண்ட்டிலேயே உருகி, கம்பியாகி, புதுக் காற்றாலையின் அஸ்திவாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அந்தக் கம்பிக்குப் பில் போடப்போவது என் நண்பர். கான்கிரீட் காய்ந்ததும் மேலே போல்ட் முறுக்கப் போவது யார் என்பதைத்தான் ஃபிட்டரின் மாமனார் கேட்டுக்கொண்டிருக்கிறார்.